முன்சொல்லி

நீ யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஒரு மனிதனிடம் சொல்லிப் பாருங்கள். தன்னையே இன்னும் கொஞ்சம் அகலமான தோளோடு எழுதிக்கொண்டு வந்து நிற்பான். இதை நான் மாதுங்காவில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல். மேசை மேல் பகடைகள், ஒரு தட்டில் ரிப்பன் பக்கோடா, சுற்றிலும் நான்கு பேர். அதில் ஒருவன் நான்.

நாங்கள் ஆடுவது பலகை இல்லாத ஆட்டம். ஒருவர் கதை சொல்வார், அவரை மாஸ்டர் என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். இருட்டுக் குகை, எதிரே பூதம், என்ன செய்கிறாய் என்று மாஸ்டர் கேட்பார். வெட்டுகிறேன், ஓடுகிறேன், காலில் விழுகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். நினைத்தது நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு. வாள்காரன், மந்திரவாதி, திருடன், வைத்தியன் என்று அந்த ஆளின் பிழைப்பு எதுவோ அதுதான் கிளாஸ். அவனுக்கு எது முடியும், எது முடியாது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆட்டத்தின் புத்தகத்திலேயே தேவையான அளவுக்குக் கிளாஸ்கள் இருக்கின்றன. அவை போதாது என்று ஒருநாள் மாஸ்டருக்குத் தோன்றிவிட்டது.

"அடுத்த கதைக்கு ரெடிமேட் எதுவும் கிடையாது," என்றார். "ஆளுக்கு ஒரு கிளாஸ் சொந்தமா பண்ணிண்டு வரணும். ஒருநாள் ஆடிப் பாப்போம். அப்பறம் ஓட்டு. யாரோட கிளாஸ் தோக்கறதோ, அவா மட்டும் புஸ்தகத்துல இருக்கற வாள்காரனை எடுத்துக்கணும். இன்னொண்ணு, ஒவ்வொரு கிளாஸுக்கும் நெஜமா ஒரு வீக்னெஸ் இருக்கணும்."

வாள்காரன் என்றால் அந்த மேசையில் ஒரு இளக்காரம். விதிகள் குறைவு, வெட்ட வேண்டும், வெட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். நான் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதைத்தான் கொடுத்திருந்தார்கள். "அவனுக்கு அதுதான் ஈஸி" என்று மாஸ்டர் என் எதிரிலேயே சொல்வார். அவர் சொன்னதில் தவறும் இல்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பத்தாவது பரீட்சைக்குப் பயந்தே ஒன்பதாவதோடு நின்றவன். வறுமையால் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். பரீட்சை நாளன்று ரயில் நின்றுபோனால், பேனா கசிந்தால், என் நம்பர் விட்டுப்போனால் என்று நினைத்து நினைத்து, பரீட்சையே வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனாலும் அந்த மேசையில் இன்னொரு தடவை வாள்காரனாக உட்கார எனக்கு மனசில்லை. சொந்தமாக ஒரு கிளாஸ் செய்து, அது ஓட்டில் ஜெயித்து, அந்த வாளைக் கீழே போட வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை.

மற்ற மூவரும் செய்துகொண்டு வந்ததைச் சொல்கிறேன்.

செம்பூரிலிருந்து வரும் பெண் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் செய்தது புயல் நர்த்தகி. நர்த்தகி ஆட ஆரம்பித்தால் எதிரிகள் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு அழுவார்கள்.

"ஏன் அழணும்?" என்று கேட்டேன்.

"அவ்ளோ பியூட்டிஃபுல்லா இருக்கும்."

"பூதத்துக்குமா?"

"பூதத்துக்கும்தான். அரே, ஏன் பூதத்துக்கு ஃபீலிங்ஸ் இருக்கக்கூடாதா?"

நர்த்தகியின் குறை, அளவுக்கு மிஞ்சி அன்பு காட்டுவாளாம். வேலை கேட்டு வருகிறவர்களிடம் உன் குறை என்ன என்று கேட்பதுதான் இவள் பிழைப்பு. அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் மேடம் என் குறை என்று அவர்கள் சொல்லும் பொய்யைத் தினமும் கேட்கிறவள், அதையே பாவாடை கட்டி இங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனவன் தாராவியில் எங்கள் பக்கத்துச் சந்துக்காரன். கல்லூரி முடித்து, அவள் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். அவன் செய்தது நிழல் அரசன். கறுப்பு அங்கி, இரண்டு கையிலும் கத்தி, ஒரு வீச்சுக்கு மூன்று வெட்டு. குறை, யாரையும் நம்ப மாட்டான், யாரிடமும் பேச மாட்டான். இதை அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா போன் செய்து, சோறு எடுத்து வைக்கவா என்று கேட்டாள். இங்கேயே சாப்பிட்டாச்சு என்றான். என்ன குழம்பு என்று அவள் கேட்க, அதையும் நிழல் அரசன் விவரமாகச் சொன்னான். கூட என்ன பொரியல் என்பதையும் சொன்னான்.

மாஸ்டருடையது காலக் காவலன். கதை சொல்கிறவரே தனக்கும் ஒரு ஆளை வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. பக்கம் பக்கமாக விதிகள். நடந்ததை நடக்காததாக்கலாம், ஆனால் அமாவாசைக்குப் பிறகு கூடாது, ஆனால் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தால் கூடும். புரியவில்லை என்றால் அதே வரியை இன்னும் சத்தமாக வாசிப்பார். காலக் காவலனின் குறை தனிமை. இதைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "அம்மா, இன்னும் ரெண்டு காபி," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சார் என்று கூப்பிடாதே, ப்ரோ என்று கூப்பிடு என்பார். ஒருமுறை கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து அவர் அம்மா எட்டிப் பார்த்தார். அதோடு சாருக்கே திரும்பிவிட்டேன்.

இனி என் கிளாஸ். தாராவியில் ஒரு ரெடிமேட் துணிப் பட்டறையில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் போட்டு எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தப் பொத்தான் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சட்டையையும் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. குறை கிடைக்காததை ஒரு பக்கமாகத் தள்ளுவேன், அவ்வளவுதான். பட்டறையை விட்டு வெளியே வந்தாலும் கை நிற்குமே தவிர மனசு நிற்காது. ரயில் பாலத்தில் ஏறினால் நடுவில் நடப்பேன், ஓரத்துக் கம்பி துருப்பிடித்திருக்கும். கேஸை மூடினேனா என்று பாதி வழி, லேபர் கேம்ப் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். அம்மா இரண்டு தடவை இருமினால் மூன்றாவது இருமலுக்குள் நான் சயான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிடுவேன், மனசுக்குள். இப்படி ஒருத்தன் அந்தக் குகைக்குள் போனால் அவனால் யாருக்காவது உபயோகம் இருக்குமா என்று செக்கிங் மேசையில் நின்றபடி யோசித்தேன். இருக்கும் என்றுதான் பட்டது. எல்லாரும் வீரர்களாக வந்தால், கதவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

முன்சொல்லி என்று பெயர் வைத்தேன். ஒரு கதவைத் திறக்கும் முன், ஒரு பாலத்தில் கால் வைக்கும் முன், அங்கே நடக்கக்கூடிய கெட்டது ஒன்றை அவன் வாய்விட்டுச் சொல்வான். சொன்னது நடந்துவிட்டால், கூட வருகிறவர்கள் தயாராக இருந்தார்கள் என்று கணக்கு, எல்லாருக்கும் அடி பாதிதான். நடக்காமல் போனால் அவன் பேச்சுக்கு மதிப்பு ஒரு படி இறங்கும். அடுத்த எச்சரிக்கையை யாரும் கேட்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், முணுமுணுக்கக் கூடாது, உரக்கத்தான் சொல்ல வேண்டும். எதிரி பக்கத்தில் இருந்தால் அவன் காதிலும் விழும். அவன் அதைக் கேட்டுக்கொண்டு வேறு மாதிரி தாக்கலாம். இது எனக்கே பிடித்திருந்தது. மற்ற மூன்று பேரின் குறைகள் மாதிரி பவுடர் பூசியது இல்லை.

எல்லாவற்றையும் தமிழில் எழுதி, படம் எடுத்து மாஸ்டருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது, வாய்ஸ் நோட்டாக அனுப்பு என்று. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறார்கள். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

எங்கள் வீடு ஒரே அறை. சாயங்காலம், வாசலில் அம்மா சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து போனில் பேச ஆரம்பித்தேன். உதாரணம் சொன்னால்தானே புரியும். பாலம் அறுந்து விழும், மேலேயிருந்து பாறை உருளும், குடித்த தண்ணீரில் விஷம் இருக்கும், கூட வருகிறவனே முதுகில் குத்துவான்.

"யாருல செத்தா?" என்றாள் அம்மா.

"யாரும் சாவல. இனிமேதான்."

"வௌக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுல பேசுத? போ, போயி வாயக் கழுவு."

"வெளயாட்டும்மா இது."

"வெளயாட்டுக்குத்தான் வாயத் தொறக்கியா நீ? பொழுது விடிஞ்சா ஒனக்கு இதானல பேச்சு. வாயக் கழுவுங்கேன்."

கழுவும்வரை நகராமல் நின்றாள். பிறகு மீன் கையோடு ஒரு பிடி உப்பை எடுத்து என் தலையைச் சுற்றிச் சாக்கடையில் போட்டாள். கெட்டதை வாய்விட்டுச் சொன்னால் அது வழி கேட்டு வந்துவிடும் என்பது அவள் கட்சி. எங்கள் சந்தில் எல்லாருக்கும் அதே கட்சிதான். "எதச் சொன்னாலும் பின்னால அப்படி ஒண்ணும் ஆவாதுன்னு சேத்துச் சொல்லு. அதுக்கு என்ன காசா பணமா?" என்றாள். எனக்கு அது நல்ல விதியாகப் பட்டது. முன்சொல்லி ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பிறகும் 'அப்படி ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல வேண்டும், மறந்தால் அடி முழுசு என்று சேர்த்துக்கொண்டேன். போனை நிறுத்த மறந்திருந்ததால் இந்தப் பேச்சும் உப்பும் எல்லாமே பதிவாகி மாஸ்டருக்குப் போயிருந்தது. ஞாயிறன்று செம்பூர்ப் பெண் அதை மறுபடி மறுபடி போட்டு, மேசையில் தட்டிச் சிரித்தாள். "ஆன்ட்டி ஏக்தம் பந்தாஸ், செம சூப்பர்," என்றாள். என் கிளாஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ஆடிப் பார்த்தோம்.

முதலில் ஒரு தொங்குபாலம். "என்ன பண்றேள்?" என்றார் மாஸ்டர். நான், "கயிறு அறுந்து போகும். அப்படி ஒண்ணும் ஆகாது," என்றேன். அவர் தன் முன்னாலிருந்த காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கயிறு அறுந்தாச்சு," என்றார்.

எல்லாருக்கும் பாதி அடி. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அடுத்தது ஒரு மண்டபக் கதவு. உள்ளே தண்ணீர் நிரம்பியிருக்கும் என்றேன். நிரம்பியிருந்தது. மண்டபத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் கிழவரே இல்லை, தோலை மாற்றிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று என்றேன். மாஸ்டர் மேசையைத் தட்டி, "கரெக்ட்," என்றார். கிழவரின் தோல் கழன்றது. படிக்கட்டில் பாம்பு என்றேன், பாம்பு வந்தது. கூரை இறங்கும் என்றேன், கூரை இறங்கியது.

"ஏல, ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க," என்றான் நிழல் அரசன். மூன்று கத்தியையும் தண்ணீரில் தொலைத்திருந்தான். இரண்டு கைக்கு மூன்று கத்தி எப்படி என்று நான் கேட்கவில்லை.

"தும் ப்ளீஸ் சுப் பைட்டோ," என்றாள் நர்த்தகி. "நீ சும்மா இருந்தாலே நாம உயிரோட வெளிய போயிடலாம்."

"சும்மா இருக்க முடியாது. அது விதி. உரக்கச் சொல்லணும்."

"அப்ப நல்லதா எதாவது சொல்லேன். உள்ள ஏசி இருக்கும்னு சொல்லு."

கூரை இறங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. மாஸ்டரின் காகிதத்தில் ஒன்றுமே இல்லை. காலக் காவலனுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர், குகைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வரி யோசிக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கும்வரை அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. பூதத்தின் காதில் விழும் என்று யோசித்து விதி எழுதிய நான், மாஸ்டரின் காதிலும் விழும் என்று யோசிக்கவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை விபத்தையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறவனுக்கு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பக்கோடா தின்றுகொண்டிருந்த விபத்து தெரியவில்லை. அம்மா சொன்னது மாதிரி அது வழி கேட்டுத்தான் வந்தது. வழியைச் சொல்லிக்கொடுத்தது நான்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதுல என்ன ப்ராப்ளம்னா, உன் கிளாஸ் ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு. நீ சொல்றதெல்லாம் பலிச்சுடறது."

"பலிக்க வைக்கறது நீங்கதானே சார்."

"நான் கதையைத்தானே சொல்றேன்?"

நான் ஒரு வழி சொன்னேன். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துப் பகடைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கிறேன். பிறகு காகிதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். என் கிளாஸ் பிழைக்க அது ஒன்றுதான் வழி என்று எனக்குத் தெரிந்தது.

அவர் முகம் சுருங்கியது. "என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"நம்பிக்கைக்கு இல்ல சார். விதிக்கு."

"இது என்ன பரீட்சையா, மடிச்சு வெக்கறதுக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி, "வேணா ஒண்ணு பண்ணு. உன் பயமெல்லாம் சனிக்கிழமையே எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பிடு. நான் பேலன்ஸ் பண்ணி வெச்சுக்கறேன். அப்ப கிளாஸ் இருக்கட்டும்," என்றார்.

அதாவது அவர் கதையை நான் சனிக்கிழமை எழுதி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை அவர் எனக்கே சொல்வார். நான் பயந்ததுபோல் நடித்து, பாதி அடி வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குப் பட்டறையில் ஒரு பெயர் இருக்கிறது, எழுத முடியாது. சரி என்று தலையாட்டினால் வாளைக் கீழே போட்டுவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாய்க் காபி குடிக்கும் நேரம் யோசித்தேன்.

"மடிச்சு வைங்க சார். இல்லேன்னா ஓட்டுப் போட்டிருங்க," என்றேன்.

புயல் நர்த்தகி ஜெயித்தாள். நிழல் அரசன் ஜெயித்தான். காலக் காவலனுக்கு யாரும் கை தூக்க மறுக்கவில்லை, விதிகள் புரியாததே அதற்கு ஒரு காரணம். முன்சொல்லிக்கு என் கை மட்டும் தூக்கியபடி நின்றது. என் பக்கத்துச் சந்துக்காரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது பாலத்தில் என் தோளில் கை போட்டு, "சல், விடு மாப்ள. வாள்காரன்னா ஒனக்கு டென்ஷன் இல்லல்லா," என்றான். நான் நடுவில் நடந்தேன். அவனை ஓரத்தில் விட்டேன்.

அடுத்த ஞாயிறு புதுக் கதை ஆரம்பித்தது. என் முன்னால் வாள்காரனின் காகிதம். முதல் கதவு வந்ததும் மூவரும் பழக்கத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"கதவத் திறக்கேன்," என்றேன்.

மாஸ்டர் தன் காகிதத்தைப் பார்த்தார். "ஒரு ரூம். காலியா இருக்கு."

அடுத்த கதவு. திறந்தேன். "இதுவும் ஒரு ரூம். கொஞ்சம் பெரிசு." அங்கே ஒரு மேசை இருந்தது. மேசை மேல் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த கதவுக்குப் பின்னால் ஒரு நடை, நடையின் முடிவில் இன்னொரு கதவு. நர்த்தகி ஆடுவதற்கு ஆள் இல்லாமல் பக்கோடாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிழல் அரசன் சுவரை மூன்று வெட்டு வெட்டினான். காலக் காவலன் காலத்தைப் பின்னால் திருப்பினான், நாங்கள் மறுபடி முந்தின காலி அறையில் நின்றோம்.

மாஸ்டர் பேனாவை மூடினார், திறந்தார். "நீ என்ன நெனைக்கறே? அந்தக் கதவுக்கு அந்தாண்டை என்ன இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார், சும்மா கேட்கிறவர் மாதிரி.

கதவுக்கு மேலே சுண்ணாம்பு நிரப்பிய பானைகள் தொங்கின, கயிறு கதவின் கீலில் கட்டியிருந்தது. கதவு திறந்ததும் பானை உடைந்து கண் போகும். கண்ணைக் கழுவத் தண்ணீர்த் தொட்டி ஒன்று எதிரே தயாராக வைத்திருந்தார்கள். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் வெந்துவிடும் என்று தெரிந்தவர்கள் வைத்த தொட்டி. எல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"நான் வாள்காரன் சார்," என்றேன். "எனக்கு என்ன தெரியும்? திறக்கேன்."

"ஒரு ரூம்," என்றார் மாஸ்டர்.

இன்னும் ஞாயிறுதோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அறைகள் வந்துகொண்டே இருக்கின்றன. போன வாரம் நர்த்தகி வரவில்லை, தலைவலி என்றாள். பக்கோடாத் தட்டும் சின்னதாகிவிட்டது. நிழல் அரசன் பாதி ஆட்டத்தில் எழுந்து போன் பேசப் போனால் திரும்பி வர நேரமாகிறது. இப்படியே போனால் இன்னும் கொஞ்ச நாளில் ஆட்டம் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் போவதற்கு ஓர் இடமும் இல்லாமல் போய்விடும். அதையும் நான் அவர்களிடம் சொல்லவில்லை.